நீர் வாங்கும் நிலமும் நீர் காக்கும் நிலமும்

நிலத்தின் இயல்பை ஆராய்ந்த பின்னரே அதன்மேல் ஒன்றை எழுப்புதல் வேண்டும் என்பது தமிழ் மக்களுக்குப் புதிய நெறி அன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே, மாதவி ஆடுதற்குரிய அரங்கினை அமைப்பதற்கு நூல்வல்லார் நிலம் வகுத்துக்கொண்ட செய்தி வருகின்றது. அவ்விடத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார், நிலம் வன்பால், மென்பால், இடைப்பால் என மூவகைப்படும் என்று கூறி, அவற்றை அறியும் வழியையும் உடன் உரைக்கின்றார். வழி மிக எளியது. குழி ஒன்றைத் தோண்டி, தோண்டிய மண்ணையே மீண்டும் அக்குழியில் இட்டுப் பார்த்தல் வேண்டும். மண் மிகுந்தால் வன்பால், குறைந்தால் மென்பால், ஒத்து நின்றால் இடைப்பால்.

வடமொழியிலும் இதுபோன்ற முறை உண்டு. கி.பி. 6ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் பிருகத் சங்கிதையிலே மனைநிலத்தைச் சோதிக்க இரு வழிகள் கூறுகின்றார். ஒன்று, மேலே கண்ட மண் நிரப்பும் வழி. மற்றையது, ஒரு முழக் குழியிலே நீரை நிரப்பிவிட்டு நூறு அடி நடந்து மீண்டு வந்து பார்க்கும் வழி. வந்து பார்க்கும்போது நீர் குறையாது நின்றால் அது நல்ல மனைநிலம்.

இவற்றைப் பாடநூற் செய்திகளாகக் கற்பித்து, தேர்வுக்குரிய வினாக்களாக்கி, அப்பாற் சென்றுவிடுதல் ஆசிரியராகிய எம்மனோர் வழக்கம். ஆயின் குழி தோண்டி நிலத்தைக் கேட்கும் அக்கலை இன்று வேறொரு தேவை பற்றி நம் வாயிலில் வந்து நிற்கின்றது. அரங்கு அமைக்கவன்று, அடித்தளம் இடவுமன்று. வீட்டின் மலசலகூடத்திலிருந்து கழியும் நீரை இந்த நிலம் ஏற்குமா, ஏற்றபின் அதனைத் தூய்மை செய்யுமா என்று அறிவதற்கே அக்குழி இன்று வேண்டப்படுகின்றது. பேசுதற்கு நாணும் பொருள் இது என்று சிலர் கருதலாம். கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த நாட்டினர்க்கு இதனைப் பேசாதிருத்தலே நாணத்தக்கது.

தொட்டி முடிவிடம் அன்று

நகரங்களிலே வாளி மலகூடங்கள் இருந்த காலம் ஒன்று உண்டு. ஒரு மனிதன் கழித்ததை இன்னொரு மனிதன் தலையிற் சுமந்தான். ஆலப்புழை நகரத்துத் தொழிலாளரின் அத்துயரத்தைத் தகழி சிவசங்கரப்பிள்ளை ‘தோட்டியின் மகன்’ என்னும் நாவலாக எழுதினார். அதனைச் சுந்தர ராமசாமி தமிழுக்குத் தந்தார். அந்த இழிவு நீங்குதற்கு நீரடைப்பு மலகூடமும் அதனோடு சேர்ந்த செப்ரிக் தொட்டியும் பெரிதும் துணை நின்றன. பிரான்சு நாட்டிலே மூரா என்பவர் 1860 அளவில் அமைத்த தொட்டியிலிருந்து இவ்வமைப்பு தொடங்கிற்று என்பர். 1895இல் இங்கிலாந்தின் எக்செற்றர் நகரத்தில் டொனால்ட் கமரோன் அமைத்த தொட்டிக்கே செப்ரிக் தொட்டி என்னும் பெயர் வழங்கலாயிற்று.

இத்தொட்டி செய்வது யாது? வந்த கழிவு அதனுள் ஒருநாளோ இருநாளோ தங்குகின்றது. கனத்தவை அடியில் மண்டியாகப் படிகின்றன. கொழுப்பும் இலேசானவையும் மேலே ஏடாக மிதக்கின்றன. இடையே நிற்கும் நீர் மறுபுறக் குழாயால் வெளியேறுகின்றது. மண்டியைக் காற்றில்லாச் சூழலில் வாழும் பற்றீரியா சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. இவ்வளவே தொட்டியின் பணி. வெளியேறும் நீரிலே நோய்க்கிருமிகள் பெரும்பாலும் உயிரோடே செல்கின்றன. பார்வைக்கு ஓரளவு தெளிந்திருக்கும் அந்நீர் பருகுவார்க்கு நஞ்சே.

அதனைத் தூய்மை செய்வது தொட்டியை அடுத்த மண். தொட்டிக்கு அப்பால் உறிஞ்சுகுழியாகவோ, சல்லி பரப்பிய நீண்ட வாய்க்காலாகவோ அமைவது எதுவாயினும், அங்கே மண் துகள்கள் கிருமிகளை வடிக்கின்றன; தம்மேல் ஒட்டவைத்துத் தடுக்கின்றன. துகள்களுக்கு இடையே காற்று நிற்பின், அக்காற்றில் வாழும் நுண்ணுயிர்கள் வந்த கழிவை உண்டு தீர்க்கின்றன. ஆதலின் வீட்டுக்காரர் சீமெந்தும் கல்லும் கொடுத்து வாங்கிய தொட்டி பாதி வேலைதான் செய்கின்றது. விலையின்றிக் கிடக்கும் மண்ணே மறுபாதியைச் செய்கின்றது. தொட்டி கட்டுதற்கு மேசனை ஆராய்ந்து தேடும் நாம், மறுபாதி வேலைக்குரிய மண்ணை ஆராய்வதில்லை.

குழி பேசும் முறை

மண்ணை ஆராயும் முறையை 1920களில் ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலே ஹென்றி ரையன் என்பவர் வகுத்தார். செயலிழந்த ஊறுநிலங்களின் அருகே குழி தோண்டி நீர் ஊற்றி, அந்நீர் ஓர் அங்குலம் இறங்க எத்துணை நேரம் செல்கின்றது என்று அவர் குறித்துக்கொண்டார். அவ்வளவையும், அந்நிலம் நாளொன்றுக்கு ஏற்ற கழிவுநீரையும் ஒப்பிட்டு ஒரு கணக்கை உருவாக்கினார். வராகமிகிரர் நூறு அடி நடந்து அளந்த காலத்தை இவர் கடிகாரத்தால் அளந்தார் எனலாம்.

முறை வருமாறு. உறிஞ்சு வாய்க்காலின் அடி எந்த ஆழத்தில் அமையப்போகின்றதோ அந்த ஆழத்துக்கு, 4 முதல் 12 அங்குல விட்டமுள்ள குழி தோண்டப்படும். மண்வெட்டியும் அலவாங்கும் உராய்ந்த இடத்தில் சுவர் மெழுகினாற்போல அடைபட்டிருக்கும். ஆதலின் அதனைக் கூரிய கருவியாற் சுரண்டி மண்ணின் இயல்பான முகத்தை வெளிப்படுத்தல் வேண்டும். உதிர்ந்த மண்ணை அகற்றி அடியிலே இரண்டு அங்குலம் சல்லி இடுதல் வேண்டும். பின்பு ஓரடி உயரத்துக்குக் குறையாமல் நீர் ஊற்றி, குறைந்தது நான்கு மணி நேரமேனும், இயன்றால் ஓரிரவு முழுவதும், அந்நீர் நிற்குமாறு மீண்டும் மீண்டும் ஊற்றிவரல் வேண்டும். இப்படி ஊற வைப்பது இச்சோதனையின் உயிர்நிலை. உலர்ந்த மண் முதலில் வந்த நீரைத் தாகங்கொண்டவன்போற் குடிக்கும். களி கலந்த மண் ஊறியபின் வீங்கி வாயை மூடிக்கொள்ளும். வீட்டுக் கழிவுநீரோ நாள்தோறும் வருவது. ஆதலின் தாகம் தீர்ந்த மண்ணின் இயல்பையே நாம் அறிதல் வேண்டும்.

மறுநாள், சல்லிக்கு மேல் ஆறு அங்குலம் நீர் நிற்கச் செய்து, அரைமணிக்கொரு முறை அடிமட்டத்தால் நீர் இறங்கிய அளவைக் குறித்தல் வேண்டும். நான்கு மணி நேரம் இவ்வாறு அளந்து, இறுதி அரைமணியில் இறங்கிய அளவையே கணக்கிற்கு எடுத்தல் வேண்டும். அவ்வரைமணியில் மூன்று அங்குலம் இறங்கிற்றாயின் ஓர் அங்குலத்துக்குப் பத்து நிமிடம் என்க. மணல்நிலமாயின் பத்து நிமிடத்துக்கொரு முறையாக ஒரு மணி நேரம் அளத்தல் போதும். ஒரு குழியின் சொல்லை நம்பலாகாது. வளவின் பல இடங்களிலும் ஆறு குழிகளேனும் தோண்டுதல் நன்று.

ஐக்கிய அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை 1957இல் வெளியிட்டுப் பின்னர் 1967இல் திருத்திய கைந்நூல் இதற்கு எல்லை கூறுகின்றது. ஓர் அங்குலம் இறங்க 30 நிமிடத்துக்கு மேற் செல்லுமாயின் ஆழமான உறிஞ்சுகுழி ஆகாது. 60 நிமிடத்துக்கு மேற் செல்லுமாயின் அந்நிலம் எவ்வகை ஊறுநிலத்துக்கும் தகாது. அங்கே கழிவுநீர் உள்ளே இறங்காமல் முற்றத்தில் மேலெழும், மூக்கே சான்றாகும்.

விரைந்து குடிப்பது நன்றா?

இதுவரை சொன்னது நீரை ஏற்க மறுக்கும் நிலத்தைப் பற்றியது. நம் மக்கள் அஞ்சுவதும் அதற்கே. குழி நிரம்பி வழிந்தால் அவமானம். வழியாதவரை குழி நல்ல குழி. ‘இருபது வருஷமாய் ஒருமுறைகூட இறைக்கவில்லை, எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டுவிடும்’ என்று பெருமை பேசுவாரை யாழ்ப்பாணத்தில் எங்கும் காணலாம். எங்கே இழுத்துக்கொண்டது என்று அவரைக் கேட்பாரும் இலர். அவர் தம்மைத் தாமே கேட்பதும் இல்லை.

நிலத்தைக் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. நீரை வாங்குவாயா என்பது ஒன்று. வாங்கிய நீரைப் போதிய நேரம் உன்னிடத்தே வைத்திருப்பாயா என்பது மற்றொன்று. மிக மெல்ல வாங்கும் மண் முதற் கேள்வியில் தோற்கின்றது. மிக விரைந்து வாங்கும் மண் இரண்டாவதில் தோற்கின்றது. 1980இல் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் வெளியிட்ட கைந்நூல், ஒரு நிமிடத்துக்குள் ஓர் அங்குலம் இறங்கும் நிலத்தையும் வழக்கமான ஊறுநிலத்துக்குத் தகாததென்று விலக்கிற்று. அத்தகைய நிலம் வடிகட்டுவதில்லை, வழிவிடுகின்றது. ஊறுநிலத்தின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையே இரண்டு முதல் நான்கு அடி வரை ஈரம் நிறையாத மண் நிற்றல் வேண்டும் என்பதும் அந்நூல் கூறும் நெறி.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இந்த இரண்டாவது கேள்வியே உயிர்க் கேள்வி. இங்கே வற்றாத ஆறு இல்லை. வழுக்கியாறும் மழைக்கால ஆறே. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை. அதிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்வது. அம்மழைநீர் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் இறங்கி, அடியிற் கிடக்கும் உவர்நீரின்மேல் நன்னீர்ப் படலமாக மிதக்கின்றது. புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீரும் நிற்பதும், கீரிமலையிலே கடலின் ஓரத்தில் நன்னீர் ஊற்றெடுப்பதும் இக்கல்லின் உள்வழிகளுக்குக் கண்கண்ட சான்றுகள்.

வெடிப்புள்ள சுண்ணாம்புக் கல் வடிதட்டு அன்று, வாய்க்கால். சுன்னாகத்து மின்நிலையத்தை அண்டிய கிணறுகளிலே எண்ணெய் தோன்றிய செய்தியை நாம் மறந்திருக்க மாட்டோம். அவ்வழக்கிலே 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கவேண்டுமென்று மின் உற்பத்திக் கம்பனிக்குக் கட்டளையிட்டது. எண்ணெய்க்கு நிறமும் மணமும் உண்டு. ஆதலின் ஊர் விழித்தது. மலக்குழியிலிருந்து செல்லும் கிருமிக்கு அவை இல்லை.

வலிகாமத்துச் செம்மண் நல்ல வடிகட்டி என்பது உண்மை. ஆயின் அதன் ஆழம் இடத்துக்கிடம் வேறுபடும். ஒரு வளவின் கிழக்கே ஆறடி மண்ணும் மேற்கே ஓரடி மண்ணும் இருத்தல் கூடும். மேசன் குழி தோண்டும்போது கல் வந்துவிட்டால் என்ன செய்கின்றார்? அலவாங்கால் இடித்து, வேண்டின் வெடி வைத்து, கல்லுக்குள்ளே ஆழமாக்கிக் கொடுக்கின்றார். ஆழம் கூடக்கூட வேலை சிறந்ததென்று உடையவரும் மகிழ்கின்றார். அந்தக் கணமே தொட்டியின் நீருக்கும் கிணற்றின் நீருக்கும் இடையே நின்ற ஒரே காவலனாகிய மண் விலக்கப்பட்டது.

குருநகர் நிலம்

வலிகாமத்துச் செம்மண்ணில் ஆழம் ஆபத்து என்றால், யாழ்ப்பாண நகரின் தென்கரையிலே ஆபத்து ஆழமின்மையால் வருகின்றது. அங்கே பரவைக்கடலை நோக்கிக் கிடப்பது குருநகர். கரையூர் என்பது அதன் பழம்பெயர். கரையில் அமைந்த ஊர் என்று பெயரே நிலத்தின் இயல்பைச் சொல்லிவிடுகின்றது. அதனை ஒட்டிய கிராம அலுவலர் பிரிவுகள் றெக்கிளமேசன் கிழக்கு, றெக்கிளமேசன் மேற்கு எனப்படுகின்றன. கடலிடமிருந்து மீட்டெடுத்த நிலம் என்பது அவ்வாங்கிலச் சொல்லின் பொருள். புனித யாகப்பர் ஆலயமும், இறங்குதுறையும், சீநோர் வலைத் தொழிற்சாலையும், தொடர்மாடிக் குடியிருப்பும், நெருங்கிய மீனவர் வீடுகளும் இப்பக்கத்து அடையாளங்கள்.

இத்தகைய நிலத்திலே சோதனைக்குழி தோண்டுவோன் ஓர் இடர்ப்பாட்டைக் காண்பான். மேலே இட்டு நிரப்பிய மண்ணும் மணலும் நீரை விரைந்து வாங்கும். கடிகாரத்தின் கணக்கிலே நிலம் தேறிவிடும். ஆயின் இன்னும் சிறிது தோண்டினால் கீழிருந்து நீர் சுரக்கும். மாரியில் அந்நீர் மேலும் உயரும். அங்கே நான்கடி உலர்மண் வேண்டும் என்ற நெறிக்கு இடம் எங்கே? அவ்வாறான இடத்தில் உறிஞ்சுகுழி உறிஞ்சுவதில்லை. நிலத்தடி நீருக்குள்ளே திறந்து வைத்த வாயாகிவிடுகின்றது. 2008ஆம் ஆண்டு கார்த்திகையில் நிஷா புயலோடு வந்த பெருமழைபோல ஒன்று வந்து வெள்ளம் நிற்குமாயின், குழியில் இருப்பது முற்றத்துக்கு வரும். முற்றத்தில் இருப்பது கிணற்றுக்குச் செல்லும். நெருப்புக் காய்ச்சலும் வயிற்றோட்டமும் வெள்ளத்தின் பின்னே வருவது இதனாலேதான்.

‘கடலோரக் கிணற்று நீர் உவர்நீர், அதனைக் குடிப்பார் இலர், ஆதலின் கேடு என்ன?’ என்று வினவலாம். குடியாதவிடத்தும் குளிப்பதும் பாத்திரம் கழுவுவதும் அந்நீரிலேதான். மேலும், கழிவு இறுதியிற் சேரும் பரவைக்கடலிலேதான் இறாலும் நண்டும் பிடிபடுகின்றன. அவ்வூரார் பிழைப்பது அந்நீரால்.

இன்னும் ஒன்று காண்க. யாழ்ப்பாண மாநகருக்குக் குழாய்வழி வந்த குடிநீரில் பெரும்பகுதி நெடுங்காலமாகக் கோண்டாவில், திருநெல்வேலிப் பகுதிக் கிணறுகளில் இறைக்கப்பட்டது. அப்படியாயின் திருநெல்வேலியில் ஒருவர் தம் வளவில் இறக்கியது குருநகரில் ஒருவர் குவளையில் ஏறக்கூடும். மண்ணைச் சோதியாத பிழை செய்தவரிடமே தங்கிவிடுவதில்லை. நீர் அதனைச் சுமந்து, அறியாதவர் வீட்டு வாயிலிற் கொண்டுபோய் இறக்குகின்றது.

வேலிக்குக் கீழே வேலி இல்லை

எல்லைக் கதியால் ஓர் அங்குலம் நகர்ந்ததென்று மூன்று தலைமுறை வழக்காடிய நாடு நம் நாடு. அவ்வளவு கூர்மையாக மேலே காக்கும் எல்லை, நிலத்துக்குக் கீழே ஒரு முழத்தில் முடிந்துவிடுகின்றது.

மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே பல நாடுகளின் விதிகள் 50 அடி முதல் 100 அடி வரை இடைவெளி வேண்டுகின்றன. இதனை மாணவர் எளிதிற் கணக்கிடலாம். குழியை நடுவாக வைத்து 50 அடிக் கயிற்றால் வட்டம் இட்டால் அதன் பரப்பளவு ஏறத்தாழ 7,850 சதுர அடி. நம் ஒரு பரப்புக் காணி ஏறத்தாழ 2,722 சதுர அடி. ஆகவே ஒரு குழி தனக்கெனக் கேட்கும் வட்டம் மூன்று பரப்புக்குச் சற்றே குறைவு. 100 அடிக் கயிறாயின் அவ்வட்டம் பதினொன்றரைப் பரப்பாகும். அரைப் பரப்புச் சதுரக் காணியிலே ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு உள்ள தொலைவே 52 அடிதான். தம் கிணற்றை ஒரு மூலையிலும் குழியை எதிர்மூலையிலும் வைத்து விதிக்கு அமைந்தோம் என்று மகிழ்பவர், அந்த எதிர்மூலை அயலவரின் கிணற்றடி என்பதை வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தல் வேண்டும்.

1854இல் இலண்டன் நகரத்துப் புரோட் வீதியில் வாந்திபேதி பரவியபோது, வைத்தியர் யோன் சினோ நோயின் ஊற்றை ஒரு தெருக்கிணற்றின் பம்பியிலே கண்டார். பின்னர் அவ்விடத்தைத் தோண்டிப் பார்த்தபோது, சிதைந்துபோன ஒரு வீட்டு மலக்குழி அக்கிணற்றிலிருந்து மூன்றடிக்கும் குறைந்த தொலைவில் இருந்தமை தெரியவந்தது. உலகெங்கும் இடைவெளி விதிகளின் பின்னே இவ்வகை மரணங்கள் நிற்கின்றன.

குழி சொல்லாத செய்தி

சோதனையின் பெருமையைக் கூறிய யாம் அதன் எல்லையையும் கூறுதல் முறையாகும். இடைப்பட்ட வேகத்தில் நீரை வாங்கும் நல்ல மண்கூடக் கிருமியைத் தடுக்குமேயன்றி, கழிவிலுள்ள நைதரசனைத் தடுப்பதில்லை. அது நைத்திரேற்றாக மாறி நீரோடு இறங்கிவிடும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. நைதரசனாகக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 11 மில்லிகிராம். கிணற்று நீரிலுள்ள நைத்திரேற்றினால் பச்சிளங் குழந்தைகள் மூச்சுக்காற்று இரத்தத்தில் ஏறாமல் நீலம் பாரிக்கும் நோயை 1945இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்து வைத்தியர் ஹண்டர் கொம்லி எடுத்துரைத்தார். யாழ்ப்பாணக் கிணறுகள் பலவற்றில் இவ்வளவு மிஞ்சியிருப்பதை 1980களிலிருந்து வந்த ஆய்வுகள் காட்டின. தோட்டத்துக்கு இடும் உரம் ஒரு காரணம், மலக்குழி மற்றொன்று.

கணக்கொன்று பார்ப்போம். ஒருவர் உடலிலிருந்து ஆண்டொன்றில் கழியும் நைதரசன் ஏறத்தாழ 4 கிலோ. ஒரு பரப்புக் காணியில் ஐவர் வாழ்ந்தால் 20 கிலோ. அக்காணியில் ஓராண்டு பெய்யும் மழை ஏறத்தாழ 316,000 லீற்றர். அம்மழை ஒரு துளியும் ஆவியாகாமல் முழுவதும் நிலத்துள் இறங்கியதென்றே கொள்வோம். அப்போதும் லீற்றருக்கு 63 மில்லிகிராம் நைதரசன் வருகின்றது. அதிற் பாதி தொட்டியிலும் மண்ணிலும் கழிந்ததென்றாலும், எஞ்சுவது வரையறையின் ஏறத்தாழ மூன்று மடங்கு. மழையின் பெரும்பகுதி ஆவியாகிவிடுவதை எண்ணினால் நிலைமை இதனினும் கடிது.

ஆகவே நெருங்கிய குடியிருப்பிலே ஒவ்வொரு வளவும் தனித்தனியே சோதனையில் தேறினாலும், எல்லா வளவும் சேர்ந்து தோற்றுவிடுதல் கூடும். அத்தகைய இடத்துக்கு ஊர்ப் பொதுவான கழிவுநீர் வழியும் சுத்திகரிப்பு நிலையமுமே தீர்வு. தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் திறந்துவைக்கப்பட்டது. குழாய் நீர் வருவது மகிழ்ச்சி. ஆயின் வீட்டுக்குள் வரும் நீர் கூடினால் வீட்டைவிட்டுப் போகும் நீரும் கூடும். வருகையைத் திட்டமிட்டவர் போக்கையும் திட்டமிடல் வேண்டும்.

மார்கழியில் ஒரு சோதனை

வீடு கட்ட எண்ணுவோர் செய்யத்தக்கவை சில உள. முதலாவது, காலம் அறிதல். ஆடியிலும் ஆவணியிலும் நிலம் வறண்டு நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்; அப்போது எந்தக் குழியும் நல்ல குழியே. மழை நின்ற மார்கழியிலே, நிலம் நிறைந்திருக்கும்போது சோதித்தல் வேண்டும். அப்போது தேறிய நிலம் எப்போதும் தேறும். இரண்டாவது, கல்லின் ஆழம் அறிதல். வளவின் பல இடங்களிலும் அலவாங்கை இறக்கிப் பார்த்தால், மண் எத்துணை, கல் எங்கே என்று ஒரு படம் வரைந்துவிடலாம். மூன்றாவது, அயற்கிணறுகளையும் அப்படத்திற் குறித்தல். நான்காவது, சுவர் எழுமுன் குழிக்கு இடம் கொள்ளுதல். நாம் வீட்டுக்கும், குசினிக்கும், படலைக்கும் இடம் வகுத்து, எஞ்சிய மூலையைக் குழிக்குக் கொடுக்கின்றோம். மண் எங்கே நல்லதோ அங்கே அதற்கு முதலில் இடம் கொடுத்தல் அறிவுடைமை.

நிலம் தேறாவிட்டால் வழியில்லையோ எனின், உண்டு. கல் மேலே வந்த இடத்திலும் நீர்மட்டம் உயர்ந்த இடத்திலும் கீழே தோண்டுவதை விட்டு, மேலே மணல்மேடு இட்டு அதனூடே கழிவுநீரை வடியச் செய்யும் முறை உண்டு. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் 1970களில் இது செம்மைப்படுத்தப்பட்டது. அதற்கும் இடமில்லாத கரையோரத்தில், அடியும் சுவரும் கசியாத அடைத்த தொட்டி அமைத்து, நிரம்புந்தோறும் பவுசர் கொண்டு அகற்றுதல் வேண்டும். செலவு கூடியதே. ஆயின் அச்செலவை இன்று கொடாதவர் நாளை மருத்துவமனையிற் கொடுக்கின்றார். அன்றி, அயலவரைக் கொடுக்கச் செய்கின்றார். இலங்கைக் கட்டளைகள் நிறுவகத்தின் 745ஆம் இலக்கக் கோவை செப்ரிக் தொட்டி அமைப்பதற்கென்றே வகுக்கப்பட்டது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வளவுக்கு வரும்போது அவரைத் தடையென்று கருதாமல், நிலத்தின் மொழியை நமக்குப் பெயர்த்துரைப்பவர் என்று கருதுதல் நன்று.

ஆசிரிய அன்பர்கட்கும் ஒரு வேண்டுகோள். மண்வெட்டி, ஒரு வாளி நீர், அடிமட்டம், கடிகாரம் என்னும் நான்கே இச்சோதனைக்கு வேண்டும். பாடசாலை வளவிலே மாணாக்கர் இதனைச் செய்து பார்க்கலாம். அரங்கேற்று காதையைப் படிக்கும் வகுப்பும் விஞ்ஞானம் படிக்கும் வகுப்பும் அந்தக் குழியின் கரையில் ஒருங்கு நிற்கட்டும். உரையாசிரியர் கண்ட குழியிலே தமிழையும், தாம் தோண்டிய குழியிலே தம் ஊரையும் அவர்கள் கற்பர்.

வராகமிகிரருக்கு வேண்டியது நீர் குறையாத நிலம். நம் மேசனுக்கு வேண்டியது நீர் நில்லாத நிலம். கிணற்றை நம்பி வாழ்வார்க்கு வேண்டியது இவ்விரண்டுமன்று. வாங்கவும் வேண்டும், வைத்திருக்கவும் வேண்டும். அடியார்க்குநல்லார் மண்ணை அளந்து சொன்ன சொல்லை நீருக்கும் ஏற்றிச் சொல்வதாயின், அதுவே இடைப்பால். உறுதிக் காணி வாங்குவோர் தோம்பும் உறுதியும் பார்க்கின்றனர், எல்லைக் கல் பார்க்கின்றனர், பாதை பார்க்கின்றனர். அவற்றோடு ஒரு குழியும் தோண்டிப் பார்ப்பாராக. உறுதியில் எழுதப்படாத ஒரு செய்தியை, அயலவர் பிள்ளையின் உடல்நலத்தைப் பற்றிய செய்தியை, அக்குழி சொல்லும்.